பிறந்த விலை: திருவனந்தபுரத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

கையில் 12 இலட்சம் ரூபாய் வைத்துக்கொண்டு கார் தேடுகிறவருக்கு ஷோரூமில் ஒரு சிறிய எஸ்.யூ.வி. கிடைக்கும். அதே பணத்துக்குப் பழைய கார் சந்தையில் இரண்டு கதவும் தாழ்ந்த கூரையுமாக ஒரு ஜெர்மன் காரும் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அது 50 இலட்சத்துக்குப் போன கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கவடியார் சாலையில் அப்படியொன்று கடந்துபோவதைப் பார்த்துவிட்டு, இரவெல்லாம் விலை தேடிய இளைஞர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: "அண்ணா, வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு பழைய காருக்கும் இரண்டு விலை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இன்று விற்பவர் கேட்பது ஒரு விலை. ஷோரூமை விட்டு முதன்முதலாக வெளியே வந்த நாளில் இருந்தது இன்னொரு விலை. அதைப் பிறந்த விலை என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலைக்கு வேலை ஒரே ஒரு நாள்தான். மறுநாளிலிருந்து வரி, உதிரிபாகம், டயர், பட்டறைக் கூலி எல்லாம் பிறந்த விலையைத்தான் கேட்டு நிற்கும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கணக்கைப் பற்றியதே.

எதை ஸ்போர்ட்ஸ் கார் என்பது?

உலகில் எளியவர்களின் ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கியது மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-இல் வந்த இந்த இரண்டு இருக்கைக் கார், 2016-இல் உற்பத்தி எண்ணிக்கையில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. குறைந்த எடை, அளவான இன்ஜின், பின்சக்கர ஓட்டம், எங்கும் கிடைக்கும் உதிரிபாகம் என்பதுதான் அதன் இரகசியம். அந்தக் கார் இந்தியாவில் விற்கப்படவே இல்லை. டொயோட்டாவின் 86-உம் அப்படியே. 1990-களின் இறுதியில் சான் மோட்டார்ஸ் 'சான் ஸ்டார்ம்' என்று ஃபைபர் உடலோடு ஒரு குட்டி இரண்டு இருக்கைக் காரைச் செய்தது. சிறிய ரெனோ இன்ஜின்தான். அதற்குத் தொடர்ச்சி அமையவில்லை.

வெளிநாட்டிலிருந்து பழைய காரைக் கொண்டுவரலாமே என்றால், அதற்கும் வழி குறுகல். இறக்குமதியாகும் பழைய கார் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். சுங்கவரி காரின் விலையையே விழுங்கும். வளைகுடாவில் பாதி ஊர் வேலை பார்க்கும் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இதன் பொருள் வேறு யாரையும்விட நன்றாகத் தெரியும். துபாயில் ஆசையாக ஓட்டிய காருக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். அது அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

ஆக, குறைந்த பணத்தில் நம் கைக்கு எட்டுபவை இரண்டு வகை. ஒன்று, இறக்குமதியாகி விலை சரிந்த இரண்டு கதவுக் கார்கள்: ஆடி டிடி, பி.எம்.டபிள்யூ இசட்4, பழைய மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., மினி கூப்பர், எப்போதாவது ஒரு போர்ஷே பாக்ஸ்டர். மற்றது, சாதாரணக் காரின் உடலுக்குள் வலுவான இன்ஜினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் வைத்து இந்தியாவிலேயே செய்யப்பட்டவை. முதல் வகை கண்ணை இழுக்கும். இரண்டாம் வகையை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

மறைமலைநகரும் திருவள்ளூரும் கோவையும்

இரண்டாம் வகையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபோர்டு ஐகான் 1.6-உம், அதற்குப் பின்வந்த 101 குதிரைத்திறன் ஃபியஸ்டா 1.6-உம் மறைமலைநகரில் செய்யப்பட்டவை. ஃபியஸ்டாவின் ஸ்டியரிங் உணர்வை இன்றும் அதன் உரிமையாளர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மிட்சுபிஷி லான்சரும், 2 லிட்டர் இன்ஜினோடு 2006-இல் வந்த செடியாவும் திருவள்ளூர்த் தொழிற்சாலையின் பிள்ளைகள். கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோடிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து 2018-இல் டியாகோ ஜே.டி.பி. என்ற காரைக் கொண்டுவந்தது: 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், அறிமுக விலை 6.39 இலட்சம். இரண்டு வருடத்துக்குள் அது நிறுத்தப்பட்டது. 2021-இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. 1 லிட்டர் டர்போ, 120 குதிரைத்திறன்.

மற்ற ஊர்களிலும் நல்லவை பிறந்தன. 2000-களின் தொடக்கத்தில் வந்த ஹோண்டா சிட்டி வி-டெக் 106 குதிரைத்திறனோடு அந்தத் தலைமுறையின் கனவாக இருந்தது. ஃபியட் பேலியோ 1.6 அதன் பெட்ரோல் பசிக்கும் உறுதிக்கும் ஒருசேரப் பேர் போனது. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் வந்தது. 2015-இல் வந்த அபார்த் புன்டோ, 145 குதிரைத்திறனோடு 9.95 இலட்சத்துக்கு விற்றது. பத்து இலட்சத்துக்குள் அவ்வளவு வலுவை அதற்கு முன் யாரும் தந்ததில்லை. 2017-இல் மாருதி பலேனோ ஆர்.எஸ். வந்தது. ஸ்கோடாவின் வி.ஆர்.எஸ். வரிசையில் முதல் ஆக்டேவியாவும் பிறகு லாராவும் இன்று விலை இறங்கி நிற்கின்றன. 2017-க்குப் பின் வந்த ஆக்டேவியா ஆர்.எஸ். கார்கள் நூற்றுக்கணக்கில் மட்டுமே விற்கப்பட்டதால் விலையை விட்டுத்தர மறுக்கின்றன. 99 கார்கள் என்ற கணக்கில் அறிவிக்கப்பட்ட போலோ ஜி.டி.ஐ. கதையும் அதுவே.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. ஃபியட் தன் கார்களை இங்கே 2019-இல் நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை மூடுவதாக அறிவித்தது. மிட்சுபிஷி அதற்கு முன்பே மங்கிப்போனது. அதனால் ஒரு மாடலை முடிவு செய்வதற்கு முன்பு, நம் ஊரில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் யார் என்று பார்க்க வேண்டும். கார் இரண்டாவதாகத் தேட வேண்டியது, மெக்கானிக் முதலில்.

விலை இறங்கும், செலவு இறங்காது

50 இலட்சத்துக்குப் பிறந்த கார் 12 இலட்சத்துக்கு வந்தாலும், அதன் பிரேக் டிஸ்க் 50 இலட்சம் காரின் பிரேக் டிஸ்க்தான். அதன் 18 அங்குல டயரும், ஹெட்லைட்டும், கியர்பாக்ஸை நடத்தும் மின்னணுப் பெட்டியும் பழைய விலைப்பட்டியலையே பின்பற்றும். முதல் உரிமையாளர் வாரண்டியில் ஓட்டினார். இரண்டாமவர் மீதமிருந்த நல்ல ஆயுளில் ஓட்டினார். தேய்ந்த பாகங்கள் எல்லாம் சேர்ந்து மாற்றக் கேட்கும் நேரத்தில்தான் கார் மூன்றாமவரிடம் வருகிறது. விலை இறங்கியதன் காரணமும் அதுவே.

சில கார்களின் பலவீனங்கள் ஊரறிந்தவை. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் உள்ள ஏழு வேக டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸின் உலர் க்ளட்ச், வெயிலில் ஊர்ந்து நகரும் நெரிசலை விரும்பாது. மாலை ஆறு மணிக்குப் பட்டத்திலிருந்து கேசவதாசபுரம் வரை ஓட்டிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது நடுக்கம் இருந்தால் அந்தக் காரை விட்டுவிடலாம். அதன் 'மெக்கட்ரானிக்' பகுதி போனால் செலவு சிறிதாக இராது. ஆடி, ஸ்கோடாவின் 1.8 டர்போக்கள் சில ஆண்டு மாடல்களில் இன்ஜின் ஆயிலைக் குடிக்கும். மினி கூப்பர் எஸ்-இன் டைமிங் செயின் டென்ஷனர், முதல் தலைமுறை பாக்ஸ்டரின் இன்ஜினுக்குள் இருக்கும் இடைத்தண்டு பேரிங் ஆகியவை உலகமெங்கும் உரிமையாளர்களைத் தூங்கவிடாதவை. அந்த பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும்.

காப்பீடு காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் பாலிசியின் தேய்மானக் கணக்கைப் படிக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையை உரிமையாளரே தர வேண்டும். இரும்புப் பாகங்களுக்கு, 5 முதல் 10 வயதுக் காரில் 40 சதவீதமும், 10 வயதைக் கடந்ததில் 50 சதவீதமும் நம் தலையில். இதைத் தவிர்க்கும் 'ஜீரோ டெப்' பாலிசி வயதான காருக்கு எளிதில் கிடைக்காது. முன்பக்கம் லேசாக இடித்தாலே பம்பர், கிரில், விளக்கு எல்லாம் பிளாஸ்டிக்தானே. கட்டாய மூன்றாம் நபர் காப்பீடும் இன்ஜின் அளவைப் பொறுத்தது: 1000 சி.சி.க்கு உட்பட்டதற்கு வருடத்துக்கு 2,094 ரூபாய். 1500-ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். விற்பவரின் நோ-கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வாங்குபவருக்கு வராது.

கார் எங்கிருந்து வருகிறது?

திருவனந்தபுரத்துக்கு வரும் பழைய கார்களுக்கு நான்கு வாசல்கள். முதலாவது, கே.எல்.-01, கழக்கூட்டத்தின் கே.எல்.-22 என்று இங்கேயே பதிவானவை. வரி கட்டி முடிந்திருக்கும், சர்வீஸ் எங்கே நடந்தது என்று நேரில் போய்க் கேட்கலாம். விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். என் கணக்கில் இதுவே மலிவான வாசல்.

இரண்டாவது, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அப்பால் இருந்து வரும் டி.என்.-74, டி.என்.-75 கார்கள். 1956 நவம்பர் 1 வரை ஒரே மாநிலமாக இருந்த மண். இன்று நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கார் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மூன்றாவது டெல்லி. பத்து வருடம் கடந்த டீசல் கார்களுக்கும் பதினைந்து வருடம் கடந்த பெட்ரோல் கார்களுக்கும் அங்கே விதிக்கப்பட்ட தடையால், ஆடம்பரக் கார்கள் பாதி விலைக்குத் தெற்கே இறங்கின. கேரளத்தின் கார் வியாபாரிகளுக்கு அது பெரிய ஊற்று.

இந்த இரண்டு வாசலிலும் கேரள வரி நின்றுகொண்டிருக்கிறது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு இங்கே ஒருமுறை வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டும். வெளிமாநிலக் காரை இங்கே பதியும்போது அந்த வரியை இன்று நாம் கொடுத்த விலைக்குக் கணக்கிடுவதில்லை. பிறந்த விலைக்கு, கார் கழித்த வயதைத் தள்ளிக் கணக்கிடுகிறார்கள். 40 இலட்சத்துக்குப் பிறந்து எட்டு வயதான காருக்கு ஏறக்குறைய பாதி வரி என்றாலும் அது 4 இலட்சத்தை நெருங்கும். டெல்லியில் 9 இலட்சத்துக்கு வாங்கியவர் பாறசாலை தாண்டி வந்ததும் 13 இலட்சம் கொடுத்தவராகிவிடுகிறார். 10 இலட்சத்துக்குப் பிறந்த அபார்த் புன்டோவுக்கு இந்த அடி விழாது. பட்ஜெட் சிறியதென்றால் பிறந்த விலையும் சிறியதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

நான்காவது வாசலை வாசல் என்று சொல்வதே தவறு. வரிக்குப் பயந்து புதுச்சேரியில் போலி முகவரியில் பதிந்த சொகுசுக் கார்கள் 2017-இல் கேரளத்தில் பெரும் வழக்காயின. பூட்டானிலிருந்து முறைகேடாக வந்தவை என்ற சந்தேகத்தில் 2025 செப்டம்பரில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளமெங்கும் சோதனையிட்டுப் பல கார்களைக் கைப்பற்றியது. இப்படிப்பட்ட காரைத் தெரியாமல் வாங்கியவரும் ஒரு நாள் விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும். பி.ஒய். எண், இமயமலையோர மாநிலத்தில் முதல் பதிவு, முதல் உரிமையாளரின் விவரம் தெளிவில்லாத ஆர்.சி. என்று எதைக் கண்டாலும், விலை எவ்வளவு இனித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காகிதம் காரைவிடப் பெரிது

அரசின் வாகன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் உரிமையாளர் வரிசை, காப்பீட்டுத் தேதி, கடன் இருக்கிறதா, சலான் பாக்கி உண்டா என்பதெல்லாம் தெரியும். கேரளச் சாலைகளில் 2023 ஜூன் முதல் ஏ.ஐ. கேமராக்கள் அபராதம் எழுதுவதால் அந்தப் பாக்கியை மறக்காமல் பாருங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தால் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநிலக் காருக்குப் படிவம் 28 என்ற என்.ஓ.சி.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களோடு கார் கைமாறிக் கைமாறிப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதற்கு உடன்படாதீர்கள். பெயர் மாறாத காரில் விபத்து நடந்தால் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன்குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவருக்கு இதை எடுத்துச் சொன்னால் பெயர் மாற்றத்துக்கு அவரே அவசரப்படுவார். 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றும் கட்டாயம். வாகனம் கைக்கு வந்ததை அவர்கள் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

மழை, கடல், வெள்ளம்

வருடத்தில் இரண்டு பருவமழை, பக்கத்தில் கடல். சங்குமுகத்திலும் பூந்துறையிலும் வீட்டு வாசலில் நின்ற காரை உப்புக்காற்று அடியிலிருந்து தின்னும். லிஃப்டில் தூக்கி, ஜாக்கி வைக்கும் இடம், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்பு, கதவின் அடி விளிம்பு ஆகியவற்றைப் பாருங்கள். மேலே பளபளக்கும் புதுப் பெயிண்டைவிட அடியிலுள்ள துரு உண்மை பேசும்.

வெள்ளம் இன்னும் மோசம். 2015, 2023 சென்னை வெள்ளமும் 2018 கேரள வெள்ளமும் எண்ணற்ற கார்களை மூழ்கடித்தன. அவை கழுவித் துடைக்கப்பட்டு ஊர் மாறின. 2023 அக்டோபர் மழையில் நம் நகரத்தின் தாழ்வான பகுதிகளும் டெக்னோபார்க் வளாகமும் தண்ணீரில் நின்றதை மறக்க முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக்கறை அங்கே ஒளிந்திருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் தண்டவாளத்தின் துருவையும் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியையும் பாருங்கள். மின்னணு மிகுந்த ஸ்போர்ட்ஸ் காரில் நனைந்த ஒயரிங், இரண்டு வருடம் கழித்தும் தன் வேலையைக் காட்டும்.

வெள்ளம் பார்க்காத காரிலும், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஸ்டார்ட்டை நீங்கள் கேட்க வேண்டும். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை கூலன்ட் உள்ளே கசிவதைச் சொல்லும். ஸ்கேனர் போட்டுப் பழைய கோளாறுக் குறிகளைப் படியுங்கள். எல்லாம் சற்றுமுன் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு செய்தி. டயர்ப் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம், தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். 20,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியதாகச் சொல்லும் காரில் ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்பாதீர்கள். இத்தனையையும் பார்க்க ஒரு நல்ல மெக்கானிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், இந்த வியாபாரத்திலேயே சிறந்த முதலீடு.

மாற்றங்களும் பெட்ரோலும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதி, யாரோ ஒருவர் ஆசைக்கு மாற்றியமைத்தவை. சத்தமான சைலன்சர், தாழ்த்திய ஸ்பிரிங், கணினியில் வலுவேற்றிய இன்ஜின் எல்லாம் மாற்றியவருக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கலாம், வாங்குபவருக்குச் சுமை. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், தயாரிப்பாளரின் அடிப்படை அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்குள்ள மோட்டார் வாகனத் துறை அதில் கண்டிப்பு. விபத்தில் காப்பீட்டு நிறுவனமும் அதையே சுட்டிக்காட்டும். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது புத்திசாலித்தனம்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பெரும்பாலும் அதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ரப்பர் குழாய்களை மெல்ல அரிக்கும், ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப்படும் காருக்கு இது கூடுதல் தொல்லை. எரிபொருள் குழாய்களையும் சீல்களையும் வாங்கியவுடன் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஓட்டப் போகிறோம்?

வாங்கும் காரை ஊரின் சாலைதான் கடைசியில் தீர்மானிக்க வேண்டும். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையுள்ள பைபாஸ் நேராக ஓடும். அதில் வேகம் எந்தக் காருக்கும் வரும், கேமராவும் வரும். ஸ்போர்ட்ஸ் காரின் அருமை தெரியும் இடம் பொன்முடி. நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், 22 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும்தான் வாழ்க்கை. 300 குதிரைத்திறன் காரும் 110 குதிரைத்திறன் காரும் அந்த வளைவுகளில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மேலே சேரும். எடை குறைந்த சிறிய கார் தரும் மகிழ்ச்சி அங்கே அதிகம். பனியும், பேருந்தும், பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் உள்ள சாலை அது. தன் எல்லையைத் தேடும் இடமல்ல. அந்த ஆசை இருப்பவர்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓடுதளம் இருக்கிறது. நம் காரை அங்கே கொண்டுபோய் ஒரு நாள் முழுவதும் ஓட்டும் அனுபவத்துக்கு எந்த விலையுயர்ந்த பேட்ஜும் ஈடாகாது.

கேட்ட இளைஞர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தம்பி, உன் 12 இலட்சத்தில் காருக்கு 8-க்கு மேல் கொடுக்காதே. 12 இலட்சத்துக்கு மேல் பிறந்த காரைப் பார்க்காதே. நம் ஊரில் பதிவான, கம்பெனி அமைப்பு மாறாத, சர்வீஸ் பில் முழுதாக உள்ள ஒரு அபார்த் புன்டோவோ டியாகோ ஜே.டி.பி.யோ பலேனோ ஆர்.எஸ்.ஸோ ஐ20 என் லைனோ தேடு. மூன்று மாதம் ஆனாலும் பொறு. வாங்கிய முதல் வாரத்தில் எல்லா ஆயிலையும், பெல்ட்டையும், பிரேக் பேடையும், டயரையும் புதிதாக்கு. மீதிப் பணத்தை வங்கியில் அந்தக் காரின் பெயரில் வை. அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு விடியலில் விதுரை தாண்டிப் பொன்முடி ஏறு. பட்டறைக் கடனை எண்ணாமல் அந்த முதல் வளைவைத் திருப்ப முடிகிறதா, அப்போது நீ வாங்கியது ஸ்போர்ட்ஸ் கார்.